வழிகாட்டிகள் எழுதாத பக்கம்

ஜப்பான் தேசத்திற்கு உல்லாசப் பயணம் செல்லும் நம் வாலிபரின் தொகை வரவரப் பெருகி வருகின்றது. மலேசியக் கடவுச்சீட்டு உடையோர் விசா இன்றியே அந்நாட்டிற்குச் சென்று சில காலம் தங்கலாம் என்று 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஏற்பட்டது முதல், அங்குச் செல்வது பினாங்குக்குப் போய் வருவது போலாகிவிட்டது. பனி பார்க்கப் போகிறோம், புத்தர் கோயில் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிப் புறப்படுவோரில் சிலர், இராக்காலத்தில் வேறு சில இடங்களையும் பார்த்து வருகின்றனர். அவற்றை வீட்டில் சொல்வதில்லை. சிநேகிதரிடம் மட்டும் சொல்கின்றனர். அவ்வாறு போய் வந்தவன் இனிப் போகப்போகின்றவனுக்குச் சொல்லும் அறிவுரைகள் வாயாலும் எழுத்தாலும் பெருகி, இன்று ஒரு தனி இலக்கிய வகையாகவே நிலைபெற்றுவிட்டன. அவ்விலக்கியத்தையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இவ்விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று முகஞ்சுளிப்போர் சிலர் இருக்கக்கூடும். கண்ணைப் பொத்திக்கொண்டு சீச்சீ என்பது மட்டும் சீர்திருத்தமாகிவிடுமானால், நம் நாட்டுத் திண்ணைகளில் இருந்த பெரியோர்களே உலகத்தைத் திருத்தி முடித்திருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கின்ற எழுத்து எதுவோ, அதை நாமும் படித்து எடைபோட வேண்டியதுதான்.

முதலில் அவ்வறிவுரைகள் என்ன சொல்லுகின்றன என்பதைப் பார்ப்போம். தோக்கியோ நகரின் ஷிஞ்சுக்கு வட்டாரத்திலுள்ள கபுக்கிச்சோ என்னும் பகுதியையே அவை பெரும்பாலும் பிரஸ்தாபிக்கின்றன. தெருவில் நின்று கையைப் பிடித்து அழைக்கும் தரகனைப் பின்தொடராதே. அவனைப் பின்தொடர வேண்டாமென்று அவ்விடத்து ஒலிபெருக்கிகளே ஓயாமல் எச்சரிக்கின்றன. உட்காருமுன் விலையைக் கேள். உட்காருவதற்கே ஒரு கட்டணம் உண்டு, அது மணிக்கணக்கில் ஏறும். பக்கத்தில் வந்தமரும் பெண் பருகும் பானத்திற்கும் நீயே பணங்கொடுக்க வேண்டும். உன் மது மயக்கத்தில் பில் தொகை பத்து மடங்காக எழுதப்படலாம். புகைப்படம் எடுக்காதே. சில கடைகளில் அயல்நாட்டாரை உள்ளே விடமாட்டார்கள். அதற்காக வாசலில் நின்று வழக்காடாதே.

இவ்வளவும் உண்மை. பயனுள்ளவையுங்கூட. ஏமாந்து வருவதைக் காட்டிலும் ஏமாறாமல் வருவது மேல் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆயினும், எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு, ஒரு கணக்கைக் கண்டால் அதன் இரண்டு பக்கத்தையும் பார்க்கத் தோன்றுகிறது. வருகின்றவன் கொடுக்கும் பணம் ஒரு பக்கத்தில் காசு பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கம் எங்கே? அந்தப் பெண் எவ்வளவு பெறுகிறாள், எவ்வளவு பிடித்தம் போகிறது, அவள் யாருக்கு எவ்வளவு கடன்பட்டு அங்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்ற பக்கத்தை எந்த வழிகாட்டியும் எழுதக் காணோம். ஓர் இலக்கிய வகையை அது சொல்லுவதைக் கொண்டு மட்டுமன்றி, அது தவறாமல் விட்டுவிடுவதைக் கொண்டும் மதிப்பிடலாம்.

இக்குறை இக்காலத்து எழுத்தாளர் சிலரின் அசட்டையால் நேர்ந்ததன்று. இவ்வகை நூல் ஜப்பானிலேயே முந்நூறாண்டுக்கு மேற்பட்ட பழமை உடையது. இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில், அரசாங்க அனுமதி பெற்ற பரத்தையர் சேரியாகிய யோஷிவாரா 1618-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1657-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின்னர் அது நகரின் வடகோடியில் அசாக்குசாவை அடுத்த வயல்வெளிக்கு மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே பெருவாயில். அச்சேரிக்கென்று 'சைகென்' என்னும் கையேடுகள் அச்சிடப்பட்டன. எந்தத் தெருவில் எந்த வீடு, அவ்வீட்டில் எந்தப் பெண், அவளுடைய தரம் யாது, விலை யாது என்றெல்லாம் அதில் கண்டிருக்கும். ஆண்டுக்கு இருமுறை புதுப்பித்து வெளியிடுவார்கள். யோஷிவாராவிலேயே 1750-இல் பிறந்த த்ஸுதாயா ஜூசாபுரோ என்னும் புத்தக வியாபாரி 1780-களில் இக்கையேட்டைத் தம் ஏகபோகமாக்கிக்கொண்டு, அதன் மீது நின்றே எடோவின் பெரும் பதிப்பாளராக உயர்ந்தார். உலகம் புகழும் உத்தாமாரோவின் சித்திரங்களை வெளியிட்டவரும் அவரே. அம்மனிதரின் வாழ்க்கையை ஜப்பானிய வானொலி தொலைக்காட்சி நிலையமாகிய என்.எச்.கே. 2025-ஆம் ஆண்டு முழுதும் தொடர் நாடகமாக ஒளிபரப்பியது.

கையேட்டோடு நில்லாமல் கதைநூலும் கிளம்பியது. 1770-ஆம் ஆண்டளவில் வெளிவந்த 'யூஷி ஹோகென்' என்னும் சிறுநூலை இவ்வகைக்கு முன்மாதிரி என்பர். தன்னை எல்லாம் அறிந்தவனென்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவன், ஒன்றுமறியா இளைஞன் ஒருவனுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி யோஷிவாராவுக்கு இட்டுச் செல்கிறான். வழிநெடுக உபதேசம். எப்படி உடுக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், யாரைக் கண்டால் எப்படித் தலையசைக்க வேண்டும்! கடைசியில் அங்குள்ள பெண்கள் இளைஞனையே உபசரிக்கின்றனர், உபதேசியார் அவமானப்படுகிறார். நம்மூரிலும் இத்தகைய உபதேசியார் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒருவர் உண்டாதலால், அந்நூலின் நகைச்சுவையை உணர நமக்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டுவதில்லை.

அதற்குப் பின் வந்தவர்களில் தலைசிறந்தவர் சாந்தோ கியோதென். நாற்பத்தெட்டு உபாயங்கள் என்னும் பெயரில் 1790-இல் அவர் எழுதிய நூல், பலதரப்பட்ட வாடிக்கைக்காரரும் பெண்களும் தனித்திருந்து பேசும் பேச்சை அப்படியே கேட்டு எழுதியது போன்றிருக்கும். அதில் ஒரு பகுதி மெய்யன்பு கொண்ட இருவரைப் பற்றியது; அங்கு நகைப்பு அடங்கிவிடுகிறது. இத்தகைய நூல்களை வெளியிட்டதற்காக மறு ஆண்டில் அரசாங்கத்தார் அவருக்கு ஐம்பது நாள் கைவிலங்கிட்டனர். பதிப்பாளர் த்ஸுதாயா தம் சொத்தில் பாதியை இழந்தார் என்பர். ஒழுக்கத்தின் பேரால் தண்டிக்கப்பட்டவர் எழுதினவரும் வெளியிட்டவருமேயன்றி, அகழி சூழ்ந்த சேரியை நடத்தியவர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க. கியோதென் இருமுறை மணஞ்செய்துகொண்டார். இரு மனைவியரும் யோஷிவாராவிலிருந்து வந்தவர்களே. ஆகவே எதிர்ப்பக்கத்துக் கணக்கு அவருக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது. தெரிந்தும், படிப்பவன் வாங்க விரும்புவது அதுவன்று என்பதனால், அவர் அதைக் கோடு காட்டியதோடு விட்டுவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்தக் கணக்குத்தான் என்ன? வறிய குடும்பத்தினர் முன்பணம் பெற்றுக்கொண்டு மகளை வீட்டுக்காரனிடம் ஒப்படைப்பர். பத்தாண்டு என்பது பொதுவான தவணை. முன்பணத்தோடு அவளுடைய பட்டுடை, படுக்கை, சீப்பு, மருந்து எல்லாம் அவள் பற்றிலேயே ஏறும். நோயுற்று வேலை செய்யாத நாளும் கடனாக ஏறும். தவணை முடியுமுன் மாண்டவர்களில் உறவினர் ஏற்காத உடல்களை மினோவாவிலுள்ள ஜோகன்ஜி என்னும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் போட்டனர். 'எறிந்துவிடும் கோயில்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. அங்கே அடக்கமானோர் ஏறக்குறைய 25,000 பேர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். மேற்சொன்ன தொலைக்காட்சி நாடகம் தன் முதல் நாளிலேயே அக்கோயில் வாசலில் கிடக்கும் உடல்களைக் காட்டியபோது, குடும்பத்தோடு பார்க்கும் நாடகத்தில் இதைக் காட்டலாமா என்று அந்நாட்டில் வாதம் எழுந்தது. அழகிய உடையையும் விளக்கொளியையும் மட்டும் காட்டியிருந்தால் எவ்வித வாதமும் எழுந்திராது.

வாடிக்கைக்காரனாகச் செல்லாமல் அச்சேரியைப் பார்த்து எழுதியவர் ஒருவரும் உண்டு. ஹிகுச்சி இச்சியோ என்னும் பெண்மணி வறுமையால் யோஷிவாராவை அடுத்த தெருவில் 1893-இல் ஒரு சில்லறைக் கடை வைத்து, மிட்டாயும் பொம்மையும் விற்றார். கடைக்கு வந்த குழந்தைகளைக் கொண்டே 1895-96-இல் 'தகெக்குராபே' என்னும் குறுநாவலை எழுதினார். அதில் ஒரு சிறுமியின் தமக்கை அச்சேரியிலே பேர்போனவள். தமக்கையின் வழியே தானும் போகவேண்டியவள் என்பது சிறுமிக்கு மெல்லமெல்ல விளங்கி வருவதுதான் கதை. ஒரு வாடிக்கைக்காரனும் அதில் முக்கிய பாத்திரமாக வரவில்லை. இருபத்துநான்கு வயதில் இறந்துபோன அந்த அம்மையாரின் சிறுநூல் ஒன்றை, நூற்றுக்கணக்கான கையேடுகளுக்கு மேலாக வைக்க நாம் தயங்கோம்.

ஜப்பானியரைக் குறைசொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராதிருப்பது நேர்மையன்று. திருக்குறளில் வரைவின் மகளிர் என்றோர் அதிகாரம் உண்டு. அது ஆடவனைப் பார்த்து, அவன் நன்மைக்காகச் சொன்னது. அம்மகளிர் எவ்வாறு அந்நிலைக்கு வந்தனர் என்பது அங்குப் பொருளன்று. பிற்காலத்து விறலிவிடு தூது நூல்களோ முழுக்க முழுக்க இவ்வழிகாட்டி இனத்தைச் சேர்ந்தவை. சுப்பிரதீபக் கவிராயர் பாடிய கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது அவற்றில் பேர்பெற்றது. மனைவியோடு பிணங்கிப் பரதேசம் போனவன் தாசியிடம் சிக்கிப் பொருளிழந்து, வள்ளல் ஒருவரிடம் பரிசு பெற்று, மனைவியின் ஊடலைத் தீர்க்க விறலியைத் தூது விடுவதே இவ்வகை நூல்களின் போக்கு. தாய்க்கிழவி மகளுக்குச் சொல்லும் தந்திரங்களைப் புலவர்கள் எவ்வளவு ரசித்து ரசித்துப் பாடியிருக்கின்றனர்! அங்கும் இழப்பு என்றால் ஆடவனின் மடிப்பண இழப்புத்தான். அத்தாய்க்கிழவி தன் இளமையில் எந்தக் கிழவியிடம் எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்கப் புலவர்க்கு நேரமில்லை.

தமிழில் இதைக் கேட்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1936-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலின் பெயரைப் பார்த்தால் அதுவும் மைனர்களுக்கு எச்சரிக்கை கூறும் நூல் போலவே காணப்படும். பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கிறது. தாசிகளின் தந்திரம், செல்வரின் அறியாமை, பொருள் பறிபோகும் விதம் எல்லாம் நீண்டு நீண்டு செல்லும். நாவல் என்ற முறையில் அதில் குறைகள் பல. ஆயினும் அம்மையார் அக்குலத்தில் வளர்க்கப்பட்டவராதலின், பெண்ணைப் பொட்டுக்கட்டும் ஏற்பாட்டை உள்ளிருந்து அறிந்தவர். அத்தொழிலை உதறி வந்த பெண்களை மேடையேற்றிப் பேசவைக்கும் இடங்களில் நூல் நிமிர்ந்து நிற்கிறது. மைனருக்குச் சொல்லும் புத்தியில் தொடங்கி, தாசிக்கு விடுதலை எப்படி என்பதில் வந்து சேரும் வழிகாட்டி நூல் வேறொன்று நாம் கண்டதில்லை. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியபோது அம்மையார் உயிரோடிருந்து கண்டார்.

இனி, தோட்டத்துத் தமிழராகிய நாம் இவ்விஷயத்தில் ஏன் தனிப்பட்ட அக்கறை கொள்ளவேண்டும் என்பதற்கு வருவோம். 1872-ஆம் ஆண்டில் மரியா லூஸ் என்னும் பெரு நாட்டுக் கப்பல், மக்காவிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்ட சீனக் கூலிகளை ஏற்றிக்கொண்டு செல்லும் வழியில் யோக்கஹாமாத் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. கூலியொருவன் கடலில் குதித்து நீந்தி ஆங்கிலப் போர்க்கப்பலொன்றில் அடைக்கலம் புகுந்தான். கப்பலில் நடந்த கொடுமை வெளியாயிற்று, வழக்கு நடந்தது. ஓயே தாக்கு என்னும் ஜப்பானிய அதிகாரி நீதிபதியாக அமர்ந்து, கூலிகளை விடுவித்தார். வழக்கின்போது கப்பல் தலைவனுக்காக வாதாடிய ஆங்கில வக்கீல் ஒரு கேள்வி போட்டார். மனிதரை ஒப்பந்தத்தால் கட்டிவைப்பது இந்நாட்டில் செல்லாதென்றால், உங்கள் பரத்தையர் சேரியில் தவணைக்கு விற்கப்பட்டுக் கிடக்கும் பெண்களின் ஒப்பந்தம் மட்டும் எப்படிச் செல்லும் என்றார்!

அவர் கேட்டது கூலிகளை மீண்டும் கப்பலில் ஏற்றுவதற்காகத்தான். ஆயினும் கேள்வி ஜப்பானிய அரசாங்கத்தை உறுத்திற்று. அதே ஆண்டில் பரத்தையரை விடுவிக்கும் ஆணை பிறந்தது. அதையொட்டி நீதி இலாகா வெளியிட்ட விளக்கம் விசித்திரமானது. இப்பெண்கள் மனித உரிமை இழந்தவர்கள், மாடு குதிரைகளுக்கு நிகரானவர்கள். மாட்டினிடமும் குதிரையினிடமும் கடனைத் திருப்பிக் கேட்பது மனிதருக்கு நியாயமில்லை. ஆகையால் அவர்கள்மீதுள்ள பழைய கடன் செல்லாது என்பது அதன் கருத்து. மாடாக்கி விடுதலை செய்த அந்த ஆணையைக் கேலிசெய்து மாட்டை அவிழ்த்துவிடும் ஆணை என்றே மக்கள் வழங்கினர். மறு ஆண்டே கதை மாறிற்று. வீட்டுக்காரன் இனி முதலாளியல்லன், அறையை வாடகைக்கு விடுபவன். பெண் தன் விருப்பத்தால் அனுமதிச்சீட்டுப் பெற்றுத் தொழில் நடத்துகிறாள் என்று எழுதிவைத்தார்கள். முன்பணமோ 'கடன்' என்னும் வேறு தாளில் பத்திரமாக இருந்தது.

கூலியின் ஒப்பந்தமும் பரத்தையின் ஒப்பந்தமும் ஒரே நீதிமன்றத்தில் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்ற இந்நிகழ்ச்சி, மலாயாத் தமிழரின் சரித்திர புத்தகத்திலும் இடம்பெறத் தக்கது. முன்பணம் என்னும் கயிற்றை நாமும் அறிவோம். ஒப்பந்தக் கூலி முறை இந்நாட்டில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி ஊரில் கொடுத்த பணமும் கப்பற் செலவும் கூலியின் தலையில் ஏறி, சம்பள நாளில் கை நீட்டுகிறவனுக்குப் பற்றுப் போக மிச்சமென்று ஏதோ விழுந்த காலம் நம் பாட்டன்மார் காலம். இரண்டும் சமமென்று சொல்ல வரவில்லை. பால்மரம் வெட்டியவனுக்கு மாலையில் லயத்துக்குத் திரும்பித் தன் உடம்பைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் கணக்குப் புத்தகத்தின் கோடுகள் ஒன்றே. இன்று அதே நிலத்தில் செம்பனைக் குலை வெட்டும் அயல்நாட்டுத் தொழிலாளர் பலரும், ஏஜெண்டுக்குப் பட்ட கடனோடுதான் விமானம் ஏறி வருகின்றனர்.

அக்காலத்தில் ஜப்பானியப் பெண்களும் கப்பலேறி இங்கு வந்தார்கள். கியூஷுத் தீவின் அமாக்குசா, ஷிமாபாரா வட்டாரத்து ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண்களான அவர்களைக் 'கராயுக்கி-சான்', அதாவது கடல் கடந்து போனவர்கள் என்பர். நிலக்கரி அறையில் ஒளித்தும் அவர்களைக் கொண்டுவந்தனர். சிங்கப்பூரில் மலாய் வீதி, மலபார் வீதி, ஹைலாம் வீதிகளில் அவர்கள் வீடுகள் வரிசையாக இருந்தன. கோலாலம்பூரில் பெட்டாலிங் வீதிப் பக்கத்தில் இருந்தன. ஈயச் சுரங்கமும் ரப்பரும் பெருகி, ஆண்கள் கூட்டங்கூட்டமாகவும் பெண்கள் சிலராகவும் இருந்த நாடு இது. தோட்டத்துத் துரைமாரும் சனிக்கிழமை இரயிலேறி அங்குச் சென்றதுண்டு. இன்று தோக்கியோவுக்கு முதன்முறை போகிறவனுக்கு வழிசொல்லும் வாலிபர், நூறாண்டுக்கு முன் நம் ஊர்ப் பெட்டாலிங் வீதியில் ரிக்‌ஷாக்காரன் சொல்லியிருக்கக்கூடிய வழியைத்தான் திரும்பச் சொல்லுகின்றனர். 1920-இல் சிங்கப்பூரிலிருந்த ஜப்பானியக் கான்சல் தம் நாட்டவர் நடத்திய இவ்வீடுகளை மூடுவித்தார். ஜப்பானின் கௌரவத்திற்குக் குறைவு என்பதே காரணம். பெண்களின் கடன் காரணமன்று.

சிங்கப்பூர் ஹௌகாங் பகுதியிலுள்ள ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தின் தொடக்கமும் இவர்களைச் சார்ந்ததே. வறுமையில் மாண்ட இப்பெண்களைப் புதைப்பதற்காக 1891-இல் அதற்கு நிலங்கொடுத்தவர் ஒரு விலைமகளிர் வீட்டு முதலாளி. கொடுத்தது ரப்பர்த் தோட்ட நிலம் என்பர். இப்பெண்களைப் பற்றி ஜேம்ஸ் வாரன் என்னும் சரித்திராசிரியர் 1993-இல் வெளியிட்ட நூலுக்குப் பெரிதும் உதவியவை மரண விசாரணைக் குறிப்புகள். வழிகாட்டி நூல்களில் விலையாக மட்டும் இருந்தவர்கள், பிரேத விசாரணைத் தாளில்தான் முதன்முதலாகப் பெயரும் வயதும் பெற்றுத் தோன்றுகின்றனர்.

எதிர்ப்பக்கத்தை எழுதிய ஜப்பானிய வழிகாட்டி ஒன்றேனும் இல்லையா என்று தேடினால், ஒன்று கிடைக்கிறது. அது எழுதப்பட்டது மலாயாவுக்காகவே என்பதை நினைக்க நெஞ்சு பதைக்கிறது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், 1943-ஆம் ஆண்டு நவம்பரில், மலாயா இராணுவ நிர்வாகத்தார் 'ஆறுதல் நிலையம்' என்று தாங்கள் பெயரிட்ட விடுதிகளை நடத்துவதற்கு விதிகள் வெளியிட்டனர். அதில் வருமானத்தைப் பங்கிடும் முறை தெளிவாகக் கண்டிருக்கிறது. 1,500 யென்னுக்குக் குறையாத முன்பணக் கடன் உள்ள பெண்ணுக்குப் பத்தில் நான்கு பங்கு. அதற்குக் குறைந்த கடன் உள்ளவளுக்குச் செம்பாதி. கடனே இல்லாதவளுக்கு ஆறு பங்கு. மிகுதி விடுதி நடத்துபவனுக்கு.

செக்ரோல் எழுதுகிறவன் கண்ணால் இதைப் படியுங்கள். கடன் மிகுந்தவளுக்குக் கூலி குறைவு. கூலி குறைந்தால் கடன் தீர நாள் மிகும். யாருக்குப் பணம் அதிகம் வேண்டுமோ அவளுக்கே குறைவாகக் கிடைக்கும்படி செய்துவைத்த கணக்கு இது. எழுதின எழுத்தனும் நம்மைப் போல் ஓர் ஆபீசில் உட்கார்ந்து, கோடு பிசகாமல் எழுதியிருப்பான். இதுவும் தாளில் உள்ள நியாயந்தான். கோலாலம்பூரிலும் பிற ஊர்களிலும் இருந்த அவ்விடுதிகளுக்குக் கொரியா, சீனம், தைவான் முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்களோடு, இந்நாட்டுப் பெண்களும் வேலை தருவதாக ஏய்க்கப்பட்டும் பலாத்காரமாகப் பிடிக்கப்பட்டும் அடைக்கப்பட்டனர். பிடித்து அடைக்கப்பட்டவளுக்கு ஒப்பந்தமுமில்லை, பங்குமில்லை.

யுத்தத்திற்குப் பின் ஜப்பானில் நிலைமை மாறிற்று. முன்பணம் வாங்கியதைக் காட்டிப் பெண்ணைத் தொழிலில் வைத்திருக்கும் உடன்படிக்கையும், அந்த முன்பணக் கடனும் செல்லாவென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1955-ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. மரியா லூஸ் வழக்கில் கேட்ட கேள்விக்கு விடை வர எண்பத்துமூன்று ஆண்டு பிடித்தது. 1956-இல் விபசாரத் தடைச் சட்டம் நிறைவேறி, 1958 ஏப்ரல் முதல் முழுமையாக அமலுக்கு வந்தது; யோஷிவாராவின் வீடுகள் மூடப்பட்டன. சட்டத்தின் சந்துகளில் நுழைந்து வேறு பெயர்களோடு பல தொழில்கள் பின்னர் அங்கு முளைத்தன. நம் வாலிபர் போய்ப் பார்ப்பவை அவைதாம்.

இங்கு நியாயம் தவறக்கூடாது. இன்று அங்குள்ள பெண்கள் எல்லோரும் கடனால் கட்டுண்டவர்கள் என்று சொன்னால் பொய்யாகும். மதுவூற்றிப் பேசி உபசரிப்பதோடு நிற்கும் கடைகள் பல; கூலிக்காகத் தாமே வந்து, வேண்டாதபோது போய்விடும் பெண்களும் உண்டு. அவர்களை இரங்கத்தக்கவர்களாகவே பார்ப்பதும் ஒருவகை அவமதிப்புத்தான். ஆனால் கடன் ஒழிந்துவிட்டதா? 2025-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இரவுத் தொழில்களைப் பற்றிய சட்டத்தைத் திருத்தியது. காரணம் யாதெனில், ஆடவர் பெண்களுக்கு மதுவூற்றி உபசரிக்கும் 'ஹோஸ்ட்' விடுதிகளில், காதல் வார்த்தை சொல்லி இளம்பெண்களைச் செலவு செய்யவைத்து, கடனில் ஏற்றி, அக்கடனைத் தீர்க்கவென்று அவர்களை உடல் விற்கும் கடைகளுக்கு அனுப்புவது பெருகிவிட்டது. அனுப்பியவனுக்கு அக்கடைகள் தரகு கொடுத்தன. அத்தரகையும், கடனுக்காகப் பெண்ணைத் தொழிலில் தள்ளுவதையும் புதிய சட்டம் குற்றமாக்கி, ஜூன் மாத முடிவில் அமலுக்கு வந்தது. அன்று தகப்பன் கைநாட்டு வைத்த முன்பணம், இன்று ஷாம்பேன் புட்டியின் விலையாக உருமாறி வந்திருக்கிறது.

ஆகவே, உட்காருமுன் விலையைக் கேள் என்று சொல்லும் அறிவுரையாளர், அவ்விலையைக் கேட்டாலும் தெரியாதது ஒன்றுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். எதிரில் இருப்பவள் எந்த வகையைச் சேர்ந்தவள் என்பது வாடிக்கைக்காரனுக்குத் தெரியப்போவதில்லை. அவளையே கேட்டுப் பார்க்கலாம் என்பர் சிலர். முதலாளியின் கூரைக்குக் கீழே, வாடிக்கைக்காரனிடம், அவனுக்குப் புரியும் நாலு ஆங்கில வார்த்தையில் அவள் சொல்லும் பதில் சாட்சியமாகாது. பெரட்டுக்களத்தில் துரை முன்னிலையில், குறை உண்டா என்று கேட்டால் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? அவள் சிரிக்கிறாள் என்று எழுதுகிறார்கள். சிரிப்பு அவளுக்கு வேலை.

இப்படிப்பட்ட இடத்திற்கு முதன்முறை செல்ல நினைப்பவன் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம் ஒன்றைச் சொல்லும்படி கேட்டால், யமாசாக்கி தொமோக்கோ என்னும் அம்மையார் 1972-இல் எழுதிய 'சண்டக்கான் எட்டாம் எண் விடுதி'யைச் சொல்வோம். 1999-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. 1974-இல் குமாய் கெய் அதைத் திரைப்படமாக்கினார். மூதாட்டியாக நடித்த தனாக்கா கினுயோ மறு ஆண்டு பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு பெற்றார். நம் சபாவிலுள்ள சண்டக்கானில் சிறுமியாகக் கொண்டுவிடப்பட்டு, முன்னூறு யென்னுக்கு விலைபோன ஒசாக்கி என்னும் பெண்ணின் வாய்மொழியே நூலின் உயிர். முன்பணம் எப்படி ஏறிற்று, பாதி முதலாளிக்குப் போனபின் மீதியில் எதற்கெல்லாம் பிடித்தம், ஒரே இரவில் எத்தனை பேர் என்று அவள் கணக்குச் சொல்லுகிறாள். பிலாக்கணமில்லை. சண்டக்கான் மலைமேல் இருக்கும் அப்பெண்களின் கல்லறைகள் தாய்நாட்டுக்கு முதுகு காட்டி நிற்கின்றன என்ற செய்தியை உலகுக்குப் பரப்பியதும் இந்நூலும் படமுமே. ஆசிரியை சில இடங்களில் தம் துக்கத்தை அதிகமாக எழுதிவிடுகிறார். கிழவி பேசும்போது அவர் குறுக்கிடாத பக்கங்களே சிறந்தவை.

யமாசாக்கி தாம் வந்த நோக்கத்தைச் சொல்லாமலே 1968-இல் அமாக்குசாவில் அக்கிழவியின் இடிந்த குடிசையில் மூன்று வாரம் தங்கினார். நீ யார், ஏன் வந்தாய் என்று கிழவி ஒரு நாளும் கேட்கவில்லை. புறப்படும்போது உண்மையைச் சொல்லி, ஏன் கேட்கவில்லை என்று இவர் வினவ, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும், சொல்லக்கூடியதாயின் கேளாமலே சொல்லியிருப்பாய் என்ற கருத்தில் கிழவி விடை கூறினாள். கைம்மாறாகப் பணம் கொடுக்க வந்தவரிடம், நீ துடைத்துக்கொண்டிருந்தாயே, அந்தப் பழைய துவாலையைக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.